பழுதுற்று வந்த பண்டம்

நீலமலை மாவட்டத்தின் தலைநகராகிய உதகமண்டலத்தில் காந்தல் என்பது ஒரு பகுதி. குருசடித் திருத்தலம் அங்கு அமைந்திருத்தலால் வெளியூராரும் அதன் பெயரை அறிவர். காந்தல் என்னும் சொல்லுக்குத் தீய்ந்தது என்பது பொருள். பானையின் அடியில் கருகிப் பற்றிய சோற்றையும் அச்சொல் குறிக்கும். மார்கழி, தை மாதங்களில் புல்நுனியெல்லாம் உறைபனி படியும் ஓரிடத்துக்கு இப்பெயர் எங்ஙனம் வாய்த்தது என்று ஆராய்வது சுவையான வேலைதான். அதனைப் பிறிதொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

ஈண்டு நாம் கருதுவது, அத்தகைய மலையூர்க்கு வந்து சேரும் வீட்டுப் பண்டங்களைப் பற்றியாகும். உதகை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறும் சாலையில் 14 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் லாரி ஒருபுறம் சாய்ந்து நிமிர்கின்றது. உள்ளே அடுக்கிய பெட்டிகளும் உடன் சாய்ந்து நிமிர்கின்றன. லாரி நின்ற பின்னரும் பயணம் முடிவதில்லை. மலைச்சரிவில் படிக்கட்டுகளின் மேல் அமைந்த வீடுகட்குப் பெட்டியை மனிதரே தோளிலும் தலையிலும் சுமந்து செல்லல் வேண்டும். இவ்வளவும் கடந்து வரும் பொருள் வழியில் ஊறுபடுதல் வியப்பன்று. ஊறுபட்டால் அவ்விழப்பு யாரைச் சாரும் என்பதே வினா.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். காந்தலில் ஒரு குடும்பம். வீட்டிலுள்ள பாட்டிக்கு மூட்டுநோய். குளிர்நீரைத் தொடவும் இயலாது. மகன் மாதந்தோறும் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் மின்சார வெந்நீர்க் கலம் ஒன்று வாங்குகிறான். மக்கள் இதனைக் கீசர் என்பர். கோயம்புத்தூர்க் கடை ஒன்றில் ரூ.9,000 கொடுத்து முடிக்கின்றான். வீட்டிலே கொண்டு சேர்ப்பதும் தம் பொறுப்பே என்று கடைக்காரர் ஒப்புக்கொள்கிறார். நான்காம் நாள் பெட்டி வருகின்றது. அந்திப்பொழுது, மழைத்தூறல். கொண்டுவந்தவர் நீட்டிய தாளில் மகன் கையொப்பம் இடுகின்றான். மறுநாட் காலை திறந்து பார்த்தால் கலத்தின் அடிப்பகுதி நசுங்கியுள்ளது. நீர் புகும் குழாய்முனை வளைந்துள்ளது.

கடைக்காரரிடம் தெரிவிக்கின்றனர். அவர் மூன்று விடைகள் கூறுகின்றார். “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக நீங்களே கையொப்பம் இட்டிருக்கிறீர்கள்” என்பது ஒன்று. “எங்கள் கடையை விட்டுப் புறப்படும்போது பொருள் நன்றாகவே இருந்தது, லாரிக்காரரையும் சுமைகூலிக்காரரையும் போய்க் கேளுங்கள்” என்பது மற்றொன்று. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லிலேயே அச்சிட்டிருக்கிறோமே, பார்க்கவில்லையா?” என்பது மூன்றாவது. இம்மூன்றும் நாடெங்கும் கேட்கப்படும் விடைகளே. கேட்டவர் பலர் தலைகுனிந்து வீடு திரும்பிவிடுகின்றனர். இவற்றுள் ஒவ்வொன்றும் சட்டத்தின் முன் எவ்வளவு நிற்கும் என்று பார்ப்போம்.

பண்டைத் தமிழர் வாணிக அறத்தைப் பட்டினப்பாலை பாடுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் பிறர் பொருளை வாங்கும்போது அளவு மிகுத்துப் பெறுவதில்லை. தம் பொருளை விற்கும்போது அளவு குறைப்பதுமில்லை என்று அதன் ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவர்களைப் புகழ்கின்றார். மேலைநாட்டு வணிகச் சட்டமோ நெடுங்காலம் வேறொரு கொள்கையைப் பற்றி நின்றது. வாங்குவோனே விழிப்பாயிருக்கக் கடவன் என்பது அக்கொள்கை. பொருளைக் கண்ணாற் கண்டு, கையால் தட்டிப் பார்த்து வாங்கும் சந்தைக்கு அது ஒருவாறு பொருந்தலாம். ஆணியடித்த பெட்டிக்குள் மூடி வரும் பொருளுக்கு அஃது எங்ஙனம் பொருந்தும்? ஆதலின் சட்டம் படிப்படியாக மாறிற்று. நம் நாட்டில் 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் விற்பவர்க்குச் சில கடமைகளை விதித்தது. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. நம் எடுத்துக்காட்டின் முதலிரு விடைகட்கும் மறுமொழி அதிலேயே கிடைக்கின்றது.

முதலிற் கையொப்பத்தை நோக்குவோம். பெற்றுக்கொள்ளுதல் வேறு, ஏற்றுக்கொள்ளுதல் வேறு. பெட்டி வாயிலுக்கு வந்ததும் அதனை வாங்கி வைப்பது பெறுதல். பொருளைப் பார்த்து, இது நாம் கேட்ட பொருளே, குறையற்றதே என்று மனம் ஒப்புவது ஏற்றல். முன்னர்ப் பார்த்திராத பொருளைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தக்க வாய்ப்புக் கிடைக்கும் வரையில் வாங்கியவர் அதனை ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படமாட்டார் என்று அச்சட்டத்தின் 41ஆம் பிரிவு கூறுகின்றது. மூடிய பெட்டிக்கு இட்ட கையொப்பம் பெட்டி வந்தது என்பதற்குச் சான்று. உள்ளிருக்கும் கலம் நசுங்கவில்லை என்பதற்கு அது சான்றாக வலுப்பெறாது. ஆயினும் தாளில் ‘நல்ல நிலையில்’ என்ற தொடர் அச்சிடப்பட்டிருப்பின் அது பின்னர் வாதத்துக்கு இடந்தரும். கையொப்பத்தின் அருகில் ‘திறந்து பாராமல் பெறப்பட்டது’ என்று எழுதிவிட்டால் அவ்வாதமும் எழாது. எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். கொண்டுவந்தவர் அவசரப்படுத்துவார், அவர் இன்னும் பல வீடுகட்குச் செல்ல வேண்டியவர். எனினும் அந்த அரை நிமிடத்தைக் கேட்டுப் பெறுவது முறையேயாகும்.

இவ்வுரிமைக்கு ஓர் எல்லையும் உண்டு. பொருளைப் பெற்றவர், தக்க காலம் கடந்தும் வேண்டாம் என்று தெரிவிக்காமல் தம்மிடமே வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படுவார். தக்க காலம் இத்துணை நாள் என்று அச்சட்டம் எண்ணிட்டுக் கூறவில்லை. ஆதலின், பெட்டியைப் பொங்கலுக்குத் திறக்கலாம் என்று மூலையில் வைப்பது நன்றன்று. 43ஆம் பிரிவு வாங்கியவர்க்கு மற்றொரு துணையையும் செய்கின்றது. பொருளை மறுக்கும் உரிமை உடையவர், அதனைத் தாமே சுமந்து சென்று கடையில் ஒப்படைக்க வேண்டுவதில்லை. மறுப்பதாகத் தெரிவித்தலே போதும். மலைமேலிருப்போர்க்கு இஃது எத்துணைப் பெரிய உதவி என்பதை, நசுங்கிய கலத்தோடு மீண்டும் பதினான்கு வளைவுகளையும் இறங்குவதை எண்ணிப் பார்ப்பவர் உணர்வர்.

இரண்டாவது விடை லாரிக்காரரைப் பற்றியது. இங்கு உண்மையிலேயே நுட்பம் உள்ளது. பொருளின் உடைமை எவரிடம் உள்ளதோ அவரையே இழப்பும் சாரும் என்பது பொது விதி. வாங்குபவரே கோயம்புத்தூர்க்குச் சென்று, பொருளைக் கடையிற் பார்த்து, பணம் கொடுத்து, தாமே ஒரு வண்டியை அமர்த்தி ஏற்றி வந்தால், கடைவாயிலைத் தாண்டியவுடன் பொருள் அவருடையது. கல்லாற்றுக்கு மேல் வளைவில் அது உருண்டு உடைந்தால் கடைக்காரரை நோவதற்கில்லை. வண்டிக்காரரையே கேட்டல் வேண்டும். சரக்கேற்றும் நிறுவனத்தின் வாயிலாக அனுப்பியிருப்பின், 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்த பின்னரே வழக்குத் தொடுக்க இயலும்.

வீட்டிலே சேர்ப்பேன் என்று விற்பவர் ஒப்பியிருந்தாலோ நிலைமை வேறு. அவர் தம் கடமையைக் காந்தல் வீட்டின் வாயிலிலேதான் முடிக்கின்றார், கோயம்புத்தூரில் அன்று. லாரியும் அவர் ஏற்பாடு. சுமப்பவரும் அவர் ஏற்பாட்டினரே. அவர்கள் கைப்பட்டு நேர்ந்த பழுதுக்கு வாங்கியவர்க்கு விடை கூற வேண்டியவர் விற்பவர். பின்னர் அவர் லாரி நிறுவனத்தோடு தம் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். அது வாங்கியவர்க்கு உரிய வழக்கன்று. இதில் என் கருத்தொன்றையும் கூறுவேன். நாட்கூலிக்கு உழைக்கும் சுமைகூலிக்காரரைச் சுட்டிக் காட்டித் தாம் ஒதுங்கிக்கொள்வது பெருங்கடை வைத்திருப்பார்க்கு அழகன்று. ஈரப்படிக்கட்டில் வெறுங்காலோடு முதுகிற் பெட்டியைச் சுமந்து ஏறியவரிடம் ஒன்பதாயிரம் ரூபாயை எவ்வாறு பெறுவது?

மூன்றாவது விடைக்கு வருவோம். அச்சிட்ட அந்த ஒருவரியே மூன்றனுள்ளும் வலிமை குன்றியது. அதுவே மக்களை மிகுதியாக அச்சுறுத்துவதும் ஆகும். நிறம் பிடிக்கவில்லை, வாங்கிய பின் மனம் மாறிவிட்டது என்று திருப்பித் தர முயல்பவர்க்கு அவ்வரி பொருந்தலாம். பழுதுற்ற பொருளுக்கு அது பொருந்தாது. இதனைத் தெளிவாக்கியது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

அச்சட்டம் பிறந்த வரலாறு நீண்டது, சுருங்கக் கூறுவோம். 1962ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, நுகர்வோர்க்குப் பாதுகாப்பு, செய்தியறிதல், தெரிந்தெடுத்தல், தம் குறை கேட்கப்பெறுதல் என்னும் நான்கு உரிமைகள் உண்டு என அந்நாட்டுப் பேரவைக்கு எடுத்துரைத்தார். 1985இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான நெறிகளை ஏற்றது. மறு ஆண்டு, 1986 டிசம்பர் 24இல், நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அந்நாளையே தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடுகின்றோம். அதற்கு மாற்றாக 2019இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

பழுதுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுத்தலை முறையற்ற வணிகச் செயல் என்று இப்புதிய சட்டம் கூறுகின்றது. பில்லில் காலம் குறித்திருப்பின் அக்காலத்துக்குள்ளும், குறியாதிருப்பின் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெறுதல் வேண்டும். பில் கொடாமல் விற்பதும் முறையற்ற செயலே என்று அதே சட்டம் சொல்கின்றது. ஆகவே பில் கேட்பது கடைக்காரரை ஐயுறுவதாகாது. தொலைவிலிருந்து இணையவழியில் தருவிக்கும் பொருள்கட்கென 2020இல் தனி விதிகளும் வந்துள்ளன. அவற்றின்படி, குறையுள்ள பொருளையோ, விளம்பரத்திற் கூறிய தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுத்தலாகாது. முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு திங்களுக்குள் தீர்வு காணுதலும் வேண்டும்.

உரிமையை நிலைநாட்டச் சான்று வேண்டும். சான்று பெரும்பாலும் முதல் நாளிலேயே கிடைப்பது. அன்று தவறினால் பின்னர்க் கிடைப்பதரிது. பெட்டியைப் பிரிக்குமுன் அதன் நான்கு புறங்களையும் கைப்பேசியில் ஒளிப்படம் எடுத்தல் வேண்டும். மூலை நசுங்கல், நனைந்த கறை, தலைகீழாக நிற்கும் அம்புக்குறி ஆகியவற்றைத் தனியே எடுத்தல் வேண்டும். பின்னர்ப் பிரிக்கும்போது தொடர்ச்சியாகப் படம் பிடித்தல் இன்னும் நன்று.

ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வகையில் ஊறுபடும். குளிர்பதனப் பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தால், அதன் அழுத்துபொறியிலுள்ள எண்ணெய் குளிர்க்குழாய்களில் இறங்கிவிடும். நிமிர்த்திச் சில மணி நேரம் நிற்கவிட்ட பின்னரே மின்னிணைப்புக் கொடுத்தல் வேண்டும். தொலைக்காட்சியின் திரையிலுள்ள வெடிப்பு அணைந்திருக்கும்போது தோன்றாமலும் இருக்கலாம். ஒளிர்வித்தவுடன் நட்சத்திரம் போலக் கோடுகள் விரியும். முன்புறம் கதவுள்ள துணி துவைக்கும் பொறியின் உருளை வழியில் ஆடாதிருக்கத் திருகாணிகளால் பிணிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் பொறி வீடெல்லாம் அதிரக் குதிக்கும்; அதனால் விளையும் பழுது வாங்கியவர் பிழையாகவே முடியும். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் மாவரைக்கும் கிரைண்டரில் கல்லைப் பார்த்தல் வேண்டும். கல்லை நனைத்துத் துடைத்தால், மயிரிழை வெடிப்பு இருக்குமிடத்தில் ஈரக்கோடு நின்றுவிடும்.

நம் எடுத்துக்காட்டிலுள்ள வெந்நீர்க் கலமோ இவை எல்லாவற்றினும் வஞ்சகமானது. பலவகைக் கலங்களில் உட்புற எஃகுத் தொட்டிக்குக் கண்ணாடி போன்ற பூச்சு உருக்கிப் பூசப்பட்டிருக்கும். நீர் எஃகைத் தொட்டுத் துருப்பிடிக்காமல் காப்பது அப்பூச்சே. வெளியே ஒரு சிறு நசுங்கல்தானே என்று நாம் நினைக்கின்றோம்; உள்ளே பூச்சு விண்டிருக்கலாம். அன்று வெந்நீர் தடையின்றி வரும். மாதங்கள் சென்றபின் நீர் பழுப்பேறும்; பின்னர்த் தொட்டி ஒழுகும். ஆகையால், நசுங்கிய கலத்தைச் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று பொருத்துபவர் சொன்னாலும் இசைதல் கூடாது. மாட்டிவிட்டால், மாட்டும்போது நேர்ந்த பழுது என்ற நான்காவது விடையும் பிறந்துவிடும்.

பழுது கண்டவுடன் கடைக்காரர்க்கு எழுத்திலே தெரிவித்தல் வேண்டும். பில் எண், வாங்கிய நாள், பெற்ற நாள், கண்ட பழுது, வேண்டுவது மாற்றுப் பொருளா பணமா என்பது ஆகிய இவை இருந்தாற் போதும், வசைமொழி வேண்டா. நல்ல கடைக்காரர் பலர் இவ்வளவிலேயே மாற்றித் தந்துவிடுவர். தாராவிடின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். அதனாலும் தீராவிடின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம்.

இவ்விடத்திலேதான் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மலைவாழ்நர்க்குப் பேருதவி செய்துள்ளது. பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பினர் வாழும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, வழக்குக்குரிய செயல் நிகழ்ந்த இடத்திலோதான் முறையிடலாம். புதிய சட்டத்தில் முறையிடுபவர் தாம் வாழும் இடத்திலேயே முறையிடலாம். நீலமலை மாவட்ட ஆணையம் உதகையிலேயே உள்ளது. கோயம்புத்தூர்க் கடையாயினும் தில்லி நிறுவனமாயினும் காந்தலில் வாழ்பவர் மலையிறங்க வேண்டுவதில்லை. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையில் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 லட்சத்துக்கு மேற்படாவிடின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. வழக்குக்குரிய காரணம் தோன்றியதிலிருந்து ஈராண்டுக்குள் முறையிடுதல் வேண்டும். பழுதை நீக்கித் தருதல், மாற்றுப் பொருள் தருதல், விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு தருதல் ஆகியவற்றுள் தக்கதை ஆணையம் கட்டளையிடலாம். அதன் தீர்ப்பில் நிறைவில்லாதவர் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

நுகர்வோர் எனப்படுபவர் யார்? பணம் கொடுத்தவர் மட்டும் அல்லர். அவர் இசைவோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே. தாய்மாமன் சீராகக் கொடுத்த கிரைண்டர் உடைந்து வந்தால் மருமகளும் முறையிடலாம். மறுவிற்பனைக்காக வாங்குபவரும் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரும் நுகர்வோர் ஆகார். இவ்வேறுபாட்டை விளக்கிய தீர்ப்பு ஒன்று கோயம்புத்தூரோடு தொடர்புடையது. மகாராட்டிரத்தைச் சேர்ந்த லட்சுமி எஞ்சினியரிங் வொர்க்ஸ் என்னும் தொழிலகம், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட் என்னும் நிறுவனத்திடம் கணிப்பொறியால் இயங்கும் கடைசல் பொறி ஒன்றை வாங்கியது. பொறி காலந்தாழ்ந்து வந்தது என்றும், குறையுடையது என்றும் முறையிட்டது. உச்சநீதிமன்றம் 1995இல், அப்பொறி வணிக நோக்கத்துக்காக வாங்கப்பட்டது, ஆதலின் அத்தொழிலகம் நுகர்வோர் ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில், தன் பிழைப்புக்காகத் தானே இயக்குவதற்கு ஒரு பொறியை வாங்குபவன் நுகர்வோனே என்றும், ஒருவர் இருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதால் அவன் அத்தகுதியை இழக்கமாட்டான் என்றும் நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே, இட்டிலி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கக் கிரைண்டர் வாங்கும் காந்தல் பெண்மணி நுகர்வோர். தன் விடுதிக்கு இருபது வெந்நீர்க் கலங்கள் வாங்கும் முதலாளி வணிக நோக்கினர். அவர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம்.

பழுது இன்னதென்று கண்ணாற் கண்டு முடிவு செய்ய இயலாதபோது ஆணையம் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். ஆய்வுக் கட்டணத்தை முறையிட்டவர் செலுத்துமாறும் அது பணிக்கலாம். ஆய்வு வேண்டாத வழக்கை மூன்று திங்களிலும், வேண்டும் வழக்கை ஐந்து திங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் கூற்று. நடைமுறையில் நீள்வதும் உண்டு. அதுவரையில் நசுங்கிய கலத்தை நனையாத இடத்தில் வைத்திருத்தல் வேண்டும். அதன் அட்டைப் பெட்டியையும் வைத்திருத்தல் வேண்டும். கலம் எந்தப் பக்கம் மோதியதோ அந்தப் பக்கத்து அட்டையும் பெரும்பாலும் மடிந்திருக்கும். மோதல் வீட்டுக்கு வருமுன்னரே நேர்ந்தது என்பதற்கு அம்மடிப்பு சான்றாகும். குளிர்காலத்தில் வெந்நீர் அடுப்பு மூட்ட நல்ல அட்டை கிடைத்தது என்று பாட்டி அதனை எடுத்துக்கொள்ளாமல் பரணில் ஏற்றிவிடுவது நலம்.